பெருங்காயம்

அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு ஓர் அறை உண்டு; மிளகுக்கும் சீரகத்துக்கும் வெந்தயத்துக்கும் உண்டு. பெருங்காயத்துக்கு மட்டும் அங்கே இடமில்லை. அது தனியே ஒரு டப்பாவில், மூடி இறுக்கப்பட்டு, அடுக்களையின் மூலையில் ஒதுங்கியிருக்கும். சேர்த்து வைத்தால் தன் மணத்தை ஏனைய பொருள்களுக்கெல்லாம் ஏற்றிவிடும் என்பதே இவ்வொதுக்கத்துக்குக் காரணம். செல்வம் போய்ப் பெருமிதம் மட்டும் எஞ்சிய குடும்பத்தைப் ‘பெருங்காயம் இருந்த பாண்டம்’ என்று நம் மக்கள் கூறுவதும் அம்மணத்தின் விடாத தன்மை பற்றியே.

நாள்தோறும் நம் உணவிற் கலக்கும் இப்பொருள் தமிழ் மண்ணில் விளைவதன்று. ஈரான், ஆப்கானிஸ்தானம், நடு ஆசிய நாடுகள் ஆகியவற்றின் வறண்ட, குளிர்ந்த மலைச்சரிவுகளே இதன் தாயகம். செடி, நமக்குப் பழக்கமான சீரகம், கொத்தமல்லி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மண்ணுக்குள்ளே காரட்டுக் கிழங்கைப் போலப் பருத்த வேர் இதற்கு உண்டு. பல ஆண்டுகள் இலைகளை மட்டும் விரித்து, உணவை வேரிற் சேர்த்து வைத்து, பின்பு ஒரே ஒரு முறை உயர்ந்த தண்டு விட்டுப் பூத்து, விதை ஈன்று, மடிந்துபோவது இதன் இயல்பு.

பெருங்காயம் என்பது இவ்வேரிலிருந்து வடியும் பாலே ஆகும். நான்கைந்து ஆண்டு வளர்ந்த செடியை, அது பூப்பதற்கு முன், வேனிலின் தொடக்கத்தில் தேர்ந்தெடுப்பர். வேரின் தலைப்பகுதியைச் சுற்றி மண்ணை அகற்றித் தண்டை அடியோடு அரிவர். அரிந்த வாயில் வெண்மையான பால் கசியும். வெயிலும் புழுதியும் படாதபடி சுள்ளிகளாலும் மண்ணாலும் அதன்மேல் ஒரு சிறு கூரை அமைப்பர். சில நாள் கழித்து, உறைந்து பழுப்பேறிய பாலைச் சுரண்டி எடுத்து, வேரை மறுபடியும் மெல்லியதாகச் சீவுவர். இவ்வாறு ஏறத்தாழ மூன்று மாதம், பால் வற்றும் வரையிற் செய்வர். பால் வற்றும்போது வேரின் உயிரும் வற்றிவிடும். பூவாமல் மாண்ட செடி விதை தருவதில்லை என்பதை இங்கே நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இப்பாலின் நாற்றம் கந்தகம் கலந்த எண்ணெய்களால் உண்டாவது. வெள்ளைப்பூண்டின் காரமான வாடைக்கும் கந்தகப் பொருள்களே காரணம். இரண்டும் ஓரளவு ஒத்திருப்பது அதனாலேதான். ஐரோப்பியர் சிலர் இதனைப் ‘பேயின் சாணம்’ என்று பெயரிட்டு இகழ்ந்தனர். அவர்கள் அதனைக் காய்ந்த எண்ணெயில் இட்டு முகர்ந்து பார்க்கவில்லை போலும்! சூட்டில் அதன் கடுமை தணிந்து, வதக்கிய வெங்காயத்தையும் பூண்டையும் ஒத்த நறுமணம் எழுகிறது. வெங்காயமும் பூண்டும் விலக்குவோர் இதனை விரும்பிக் கொள்வதும் இதனாலேயே. சாம்பார், இரசம், ஊறுகாய், நீர்மோர் எவற்றிலும் ஒரு சிட்டிகை போதும். அளவு மிகுந்தால் உணவு கைத்துப்போகும். தூய பால் பெருங்காயம் மிகக் கடுமையானது. ஆதலால் வேலம்பிசினும் கோதுமை மாவோ அரிசி மாவோ கலந்து கூட்டுப் பெருங்காயமாகவே கடைகளில் விற்பர். கோதுமை ஒவ்வாதவர் உறையைப் படித்து வாங்குதல் நலம்.

துவரை, கடலை முதலிய பருப்பு வகைகள் வயிற்றில் வாயுவை உண்டாக்குபவை. அவற்றைச் சமைக்கும்பொழுது பெருங்காயம் சேர்ப்பது வெறும் சுவைக்காக மட்டும் அன்று. சித்த மருத்துவரும் ஆயுர்வேதியரும் வயிற்றுப் பொருமல், செரியாமை ஆகியவற்றுக்கு இதனைப் பொரித்து மருந்திற் சேர்ப்பர். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு ஆகியவற்றோடு இதுவும் கூடி எட்டாக அமைவதே அட்ட சூரணம். ஆயினும், பழைமையானது என்பதனாலேயே ஒரு பழக்கம் தீங்கற்றதாகிவிடாது. குழந்தையின் வயிறு உப்பினால் பெருங்காயத்தை நீரில் இழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசுவது நம் பாட்டிமார் வழக்கம். ஆனால் பச்சிளங் குழந்தைக்கு அதை உள்ளே கொடுத்ததனால் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றல் குன்றிய நிகழ்ச்சி ஒன்று 1984-ஆம் ஆண்டு மருத்துவ ஏட்டிற் பதிவாயிற்று. 1918-ஆம் ஆண்டுப் பெருங் காய்ச்சலின்போது அமெரிக்காவிற் பலர் இதனைப் பையிலிட்டுக் கழுத்தில் தொங்கவிட்டனர். நோயை அது தடுக்கவில்லை; அருகே வருவோரை வேண்டுமானால் தடுத்திருக்கலாம்.

பண்டைய கிரேக்கரும் உரோமானியரும் வட ஆப்பிரிக்காவின் சைரீன் நகர்ப்பகுதியில் விளைந்த சில்பியம் என்னும் செடியின் பிசினைப் பெரிதும் போற்றினர். அதனைப் பயிரிட்டுப் பெருக்க அவர்களால் இயலவில்லை. அளவின்றி எடுத்ததாலும் கால்நடைகள் மேய்ந்ததாலும் அது அருகியது என்பர். நீரோ மன்னன் காலத்தில் ஒரே ஒரு தண்டு கிடைத்து, அதுவும் அவனுக்கே அனுப்பப்பட்டது என்று பிளினி என்னும் அறிஞர் எழுதியுள்ளார். அதன்பின் அந்நாட்டினர் கீழ்த்திசைப் பெருங்காயத்தை அதற்கு ஈடாகக் கொண்டனர். இன்று பெருங்காயச் செடியும் பெரும்பாலும் காட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது. அதுவும் போய்விட்டால் ஈடாகக் கொள்வதற்கு வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

2020-ஆம் ஆண்டளவில் இந்தியா ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,200 டன் பச்சைப் பெருங்காயத்தை வெளிநாடுகளிலிருந்து வாங்கிற்று. இந்நிலையை மாற்றக் கருதி, இமாசலப் பிரதேசத்துப் பாலம்பூரிலுள்ள அறிவியல் ஆய்வு நிறுவனத்தார் ஈரானிலிருந்து 2018-ஆம் ஆண்டு விதைகள் வருவித்தனர். அவை எளிதில் முளைப்பவை அல்ல. உறக்கத்தைக் கலைத்து எழுப்புவதற்கே பெரும்பாடு படவேண்டும். 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் இலாகௌல் பள்ளத்தாக்கின் குவாரிங் என்னும் சிற்றூரில் முதற் கன்று நடப்பட்டது. நட்டவர்கள் பல ஆண்டு பொறுத்திருக்க வேண்டியிருந்தது. 2025-ஆம் ஆண்டில் பாலம்பூரில் வளர்த்த செடி வெட்டப்படாமல் தண்டு விட்டு உயர்ந்து, பூத்து, விதையும் கட்டிற்று.