தேய்க்கத் தேய்க்க திரும்ப வரும் பாத்ரூம் பூஞ்சை: ஷவரைச் சுற்றி எதை, எப்படி அடைக்கணும்?

ஷவர் குழாயைச் சுற்றிக் கறுப்பா பூஞ்சை. பிரஷ் போட்டுத் தேய்ச்சா போயிடுது. சில நாளில் அதே இடத்தில் மறுபடி வந்துடுது. ஏன் இப்படி?

காரணம் என்ன?

குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் டைல்ஸில் இருக்கும் துளை, குழாயைவிடப் பெரியது. அதன் மேல் இருக்கும் வட்டமான ஸ்டீல் தட்டு, துளையை மறைக்குமே தவிர தண்ணீரைத் தடுக்காது. இடுக்கு வழியா உள்ளே போகும் தண்ணீர் சுவரில் ஊறுது. ஈரத்தை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கலாம். தினமும் குளிக்கிற பாத்ரூமில் உட்சுவர் காய நேரமே கிடைக்காது.

கவலைப்படணுமா?

ஆமாம். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருப்பவர்களுக்கு மூச்சுக் கோளாறும் ஆஸ்துமாவும் வரும் அபாயம் அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல்.

அடைக்கும் முன்...

தட்டை விலக்கி, ஷவரைத் திறந்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்க. மரையில் தண்ணீர் கசிந்தால், குழாயைக் கழற்றி டெஃப்லான் டேப் சுற்றி மாட்டணும். ஒரு நாள் முழுக்க ஷவரைத் திறக்காமலேயே ஈரம் குறையலையா? சுவருக்குள் பைப் கசியலாம். பிளம்பரைக் கூப்பிடுங்க. கசிவை வைத்துக்கொண்டு மேலே அடைத்தால் ஓதம் சுவரின் அடுத்த பக்கம் தலைகாட்டும்.

எப்படி அடைப்பது?

● பழைய ஒயிட் சிமென்ட், அழுக்கைச் சுரண்டி எடுங்க. ஒயிட் சிமென்ட் நாளடைவில் விரிசல் விடும், வளைந்து கொடுக்காது.

● இடத்தை நல்லா காயவிடுங்க. ஈரத்தில் சிலிக்கான் ஒட்டாது.

● பாத்ரூமுக்கென விற்கும் பூஞ்சை எதிர்ப்பு சிலிக்கானைத் தட்டின் மேலும் இரு பக்கமும் பூசுங்க. அடியில் சிறிது இடைவெளி அவசியம். பின்னாளில் உள்ளே கசிந்தால் தண்ணீர் அந்த வழியா வெளியே வந்து காட்டிக்கொடுக்கும்.

● 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது.

இதை மட்டும் செய்யாதீங்க

பூஞ்சையைப் போக்க பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீங்க. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். கதவு மூடிய சின்ன பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

அடைத்த பிறகும், குளித்ததும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுங்க. இல்லையென்றால் ஜன்னலைத் திறந்து வையுங்க. ஈரம் தங்காத சுவரில் பூஞ்சைக்கு வேலை இல்லை.