பெருவெள்ளத்தின் சாட்சியும் சலமாந்தரும்

சலமாந்தர் என்னும் பிராணி எமது நாட்டில் வாழ்வதில்லை. அதனைப் படத்திற் காணும் மாணவர் பலர் அரணையென்றே எண்ணுவர். நீண்ட உடலும் நான்கு கால்களும் வாலும் அவ்வெண்ணத்தைத் தோற்றுவிக்கின்றன. உயிரினங்களை முறைப்பட வகுத்த லின்னேயசும் 1758 ஆம் ஆண்டில் அதனைப் பல்லியினத்தோடு ஒரே சாதியில் வைத்தார். ஆயினும், பல்லியின் தோல் செதிலுடையது. சலமாந்தரின் தோலோ செதிலற்று ஈரமாயிருப்பது. பல்லியின் மண்டையோடு முள்ளந்தண்டுடன் ஒரு குமிழாற் பொருந்தும். சலமாந்தரின் மண்டையோடு, தவளையினது போன்று, இரு குமிழ்களாற் பொருந்தும். சலமாந்தர்கள் பல இளமையில் நீரில் வாழ்ந்து செவுள்களாற் சுவாசிப்பன. ஆகவே, அது தவளைக்கு உறவான ஈரூடகவாழியாகும்.

இவ்வுண்மை தெளிவாகுமுன் நிகழ்ந்த ஒரு தவறு, இயற்கை வரலாற்றிற் பெரிதும் பேசப்படுவது. சுவிற்சர்லாந்து நாட்டுச் சூரிச் நகரில் ஷொய்க்சர் என்னும் வைத்தியர் வாழ்ந்தார். கல்லிற் காணப்படும் உயிர்ச்சுவடுகள் இயற்கையின் வெறும் விளையாட்டு எனப் பலர் கருதிய காலத்தில், அவை முன்பு வாழ்ந்த உயிர்களின் எச்சங்களே என அவர் வாதித்தார். அது சிறந்த கருத்து. எனினும், அவையாவும் விவிலியம் கூறும் நோவாவின் காலத்துப் பெருவெள்ளத்தில் மாண்டவை எனவும் அவர் நம்பினார். வெள்ளத்தில் மாண்ட மனிதன் ஒருவனின் எலும்பையேனும் காணவேண்டுமென்பது அவரது வேட்கை. செர்மனியின் ஓனிங்கன் கற்சுரங்கத்திலிருந்து அகன்ற மண்டையோடும் முள்ளந்தண்டும் கொண்ட கல்லொன்று கிடைத்தபோது, 'வெள்ளத்தைக் கண்ட மனிதன்' எனப் பெயரிட்டு 1726 இல் அதனை உலகுக்கு அறிவித்தார். மனித எலும்புகளை நன்கறிந்த வைத்தியரே இவ்வாறு மயங்கினார்!

பின்வந்தோருள் ஒருவர் அதனை மீன் என்றார். ஒல்லாந்து அறிஞர் கம்பர் பல்லி என்றார். 1802 இல் அக்கல் ஒல்லாந்தின் ஹார்லெம் நகரிலுள்ள தெய்லர் நூதனசாலையை அடைந்தது. 1811 இல் பிரான்சிய அறிஞர் கூவியே அங்குச் சென்றார். முன்னங்கால்கள் அப்போதும் கல்லினுள் மறைந்திருந்தன. சலமாந்தரின் எலும்புக்கூட்டுப் படத்தை அருகில் வைத்துக்கொண்டு, உளியாற் கல்லைச் செதுக்குவித்தார். படம் முன்னரே காட்டிய எலும்புகள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. 'மனிதன்' பேருருவச் சலமாந்தராயினான். அதனையொத்த பெருஞ்சலமாந்தர், ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் வரை வளர்வது, யப்பானின் மலையாறுகளில் இன்றும் வாழ்கின்றது.

1837 இல் அவ்வுயிர்ச்சுவட்டுக்கு 'அந்திரியாஸ் ஷொய்க்சரி' என்னும் பெயர் சூட்டப்பட்டது. மனித உருவம் என்பது முற்சொல்லின் பொருள். பிற்சொல் ஷொய்க்சரின் பெயரையே தாங்கியது. தவறியவரையும் அறிவியல் மறவாது போற்றியமை ஈண்டு நோக்கத்தக்கது.

ஷொய்க்சரை எள்ளி நகைத்தல் எளிது. ஆனால், செய்முறைத் தேர்விலே தட்டிற் கிடக்கும் தவளையை நோக்காது, பாடநூலிற் கண்ட படத்தை நினைவிலிருந்து வரையும் மாணவரை யாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அவர் செய்வதும் அதுவே. ஷொய்க்சரும் கூவியேயும் கண்டது ஒரே கல். முன்னவர் தாம் விரும்பியதை அதிற் கண்டு அமைந்தார். பின்னவர் தாம் எண்ணியது பொய்யாயின் அதனையும் காட்டத்தக்க உளியைக் கையிலெடுத்தார். விஞ்ஞானக் கல்வி மாணவனுக்கு அளிக்கவேண்டியது அவ்வுளியேயாகும்.