கத்தியை ஒளித்து வைக்க வேண்டாம்

இதய வால்வு மாற்றப்பட்டவர், பக்கவாதத்திலிருந்து தேறி வருபவர், பல்லாண்டுகளாக நீரிழிவுடன் வாழ்பவர் ஆகியோர் வீடு திரும்பும் நாளில், உணவு, மாத்திரை, நடைப்பயிற்சி பற்றியெல்லாம் விசாரித்து முடித்த பின்னர் குடும்பத்தார் எங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இனிமேல் அம்மா காய் நறுக்கலாமா, டாக்டர்?" கேட்பவர் உள்ளூர எதிர்பார்ப்பது "வேண்டாம்" என்ற விடையையே. சில வீடுகளில் நல்ல கத்தி அதற்கு முன்பே பரணுக்குப் போயிருக்கும். மழுங்கிய பழைய கத்தி ஒன்று மட்டும் அடுக்களையில் மிஞ்சியிருக்கும்.

பெரும்பாலோருக்கு நாங்கள் "நறுக்கலாம்" என்றே சொல்கிறோம். வாழ்நாள் முழுதும் சமைத்த ஒருவரை அடுக்களையிலிருந்து விலக்கி வைப்பது, நோய் எடுத்துக்கொண்டது போதாதென்று நாமும் ஒன்றைப் பறிப்பதாகும். காய் நறுக்குவது விரல்களுக்கு நல்ல பயிற்சியும்கூட. ஆனால் எந்தக் கத்தியால், எந்த நிலையில், யார் அதைப் பேணுவது என்பவற்றை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். மழுங்கிய கத்தி பாதுகாப்பானதன்று. கூரான கத்தி தக்காளியின் தோலில் வைத்து இழுத்த அளவிலேயே இறங்கிவிடும். மழுங்கியதோ தோலின்மீது வழுக்கும். கை தன்னையறியாமல் அழுத்தம் கூட்டும். வழுக்கிய கணத்தில் அவ்வழுத்தம் முழுவதும் மறு கையின் விரலில் இறங்கும். பிடிவலிமை குறைந்தவருக்கும், விரல் நுனியில் மரமரப்பு உள்ளவருக்கும் இது இரட்டை ஆபத்து. வெங்காயம் நறுக்கும்போது கண்ணீர் அதிகம் வருவதும் பெரும்பாலும் கத்தி மழுங்கியதற்கான அறிகுறியே. கூர்மை குறைந்த அலகு வெங்காயத்தை அரிவதை விட்டு நசுக்குகிறது.

கடையில் மினுமினுக்கும் பத்துக் கத்திகள் கொண்ட பெட்டியை வாங்க வேண்டிய தேவை இல்லை. இரண்டு போதும்: 15 முதல் 18 சென்டிமீட்டர் அலகுள்ள ஒன்று, தோல் சீவவும் சிறு வேலைகளுக்குமாக 8 முதல் 10 சென்டிமீட்டர் அலகுள்ள மற்றொன்று. வாங்குமுன் கையில் பிடித்துப் பாருங்கள். வாங்கித் தருபவர் அல்லர், நறுக்கப்போகிறவர் பிடித்துப் பார்க்க வேண்டும். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்காதவருக்குத் தடித்த, சொரசொரப்பான பிடி உதவும். இருக்கும் கத்தியின் பிடி மெலிதானால், சைக்கிள் கைப்பிடிக்குப் போடும் ரப்பர் உறையை இறுக்கமாக மாட்டிக்கொள்ளலாம். அலகும் பிடியும் சேருமிடத்தில் இடைவெளி இருந்தால் அந்தக் கத்தியை விட்டுவிடுங்கள். அங்கே அழுக்குத் தங்கும்.

உலோகத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1913ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், துப்பாக்கிக் குழல் எளிதில் தேயாதிருக்க வழி தேடிய ஹாரி பிரியர்லி என்பவர், ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகு துருப்பிடிக்காதிருப்பதைக் கண்டார். அவ்வூர்க் கத்தித் தொழிலாளர்களோ அவரை 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று கேலி செய்தார்கள். கேலியில் ஓரளவு உண்மையும் இருந்தது: மலிவான துருப்பிடிக்காத எஃகு விரைவில் கூர் இழக்கிறது. பழைய இரும்பு அரிவாள்மணை நெடுநாள் கூர் நிற்கும். ஆனால் எலுமிச்சையோ மாங்காயோ அரிந்துவிட்டு அப்படியே வைத்தால் கறுத்துத் துருவேறும். நோயாளி உள்ள வீட்டில் துருப்பிடிக்காத எஃகுக் கத்தியை வாங்கி, அடிக்கடி கூர் தீட்டிக்கொள்வதே நல்லது என்பது எங்கள் கருத்து.

அரிவாள்மணையை நாங்கள் குறை சொல்வதற்கில்லை. அலகு அசையாமல் நிற்க, இரு கைகளும் காயைப் பிடித்துக்கொள்வதால், பழகியவருக்கு அது மிக வசதியான கருவி. ஆனால் இடுப்பு மூட்டு அல்லது முழங்கால் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் தரையில் குந்துவதோ ஒரு காலை மடித்து அமர்வதோ கூடாது. மேசை விளிம்பில் திருகிப் பொருத்தும் அரிவாள்மணை பாத்திரக் கடைகளில் கிடைக்கிறது. நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து அதைப் பயன்படுத்தலாம். வேலை முடிந்ததும் அலகை மடக்கிவிட வேண்டும்.

நம் வீடுகளில் உள்ள இன்னொரு பழக்கம், பலகையே இல்லாமல் வாழைக்காயையோ கத்தரிக்காயையோ கையில் ஏந்திக் கட்டைவிரலை நோக்கி அரிந்து பாத்திரத்தில் போடுவது. எத்தனை ஆண்டுப் பழக்கமானாலும், வார்ஃபரின், அசினோகூமரால், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளை உண்பவரும், விரல்களில் உணர்வு குறைந்தவரும் இதை நிறுத்திவிட வேண்டும். மரப்பலகை அல்லது பிளாஸ்டிக் பலகையை, கீழே ஈரத்துணி விரித்து அசையாதபடி வைத்து நறுக்குங்கள். கிரானைட் மேடையும் எவர்சில்வர் தட்டும் பலகையாகா. இரண்டு நாளில் கூரைத் தின்றுவிடும். காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்நோக்கி மடக்கி, கணுக்கள் மட்டும் அலகுக்கு எதிரில் இருக்கும்படி வைத்துக்கொள்வது சிறந்த முறை. கத்தி நழுவினால் பிடிக்க முயலாமல் பின்வாங்கி விழவிட வேண்டும்.

பக்கவாதத்தால் ஒரு கை செயல் குன்றியவருக்கு, பலகையின் அடியிலிருந்து இரண்டு துருப்பிடிக்காத ஆணிகளை மேல்நோக்கி அடித்துத் தரும்படி தச்சரிடம் கேளுங்கள். உருளைக்கிழங்கோ வெங்காயமோ அந்த ஆணிகளில் குத்தி நிற்கும். ஒரே கையால் நறுக்கலாம். பயன்படுத்தாத நேரத்தில் ஆணிகளின்மேல் தக்கை செருகி வையுங்கள். வட துருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் 'ஊலு' போல, வளைந்த அலகின் மேற்புறத்தில் பிடி அமைந்த கத்தியும் உண்டு. முன்னும் பின்னும் ஊஞ்சலாட்டினால் போதும், இழுக்க வேண்டியதில்லை. கைநடுக்கத்துக்காக மாத்திரை உண்பவர், மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் மட்டும் கத்தியைத் தொடுவது நல்லது.

கூர் தீட்டும் வேலை வீட்டில் பேணுபவரின் பொறுப்பு. தெருவில் சாணைக்காரர் வந்தால் கொடுக்கலாம். ஆனால் வேகமாகச் சுழலும் சாணை உலோகத்தை மிகுதியாகத் தேய்க்கும் என்பதால் ஆண்டுக்கு ஓரிரு முறை போதும். இடையில் தண்ணீரில் நனைத்த சாணைக்கல்லோ, பீங்கான் கோப்பையின் அடிவிளிம்பில் மெருகேறாத சொரசொரப்பான வளையமோ உதவும். கத்தியைச் செங்குத்தாக நிறுத்தி, அக்கோணத்தில் பாதியாகச் சாயுங்கள், மறுபடியும் பாதியாக்குங்கள். அதைவிடச் சற்றே தாழ்த்தினால் சரியான சாய்வு கிடைக்கும். இரு பக்கமும் சம எண்ணிக்கையில் மெல்ல இழுத்துவிட்டு, செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு அரிந்து பாருங்கள். தடையின்றி இறங்கினால் போதும். தீட்டியவுடன் கழுவித் துடைத்து, கூர் தீட்டியிருப்பதை வீட்டிலுள்ள அனைவரிடமும் சொல்லிவிடுங்கள்.

சோப்பு நுரை நிறைந்த தொட்டியில் பாத்திரங்களோடு கத்தியைப் போட்டு வைப்பதே வீட்டுக் கத்திக் காயங்களுக்கு எளிய வழி. நறுக்கிய கையோடு கழுவித் துடைத்து, அட்டை உறையிட்டு வையுங்கள். புற்றுநோய் மருந்தேற்றம் பெறுவோரும் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டோரும் உள்ள வீட்டில் இறைச்சிக்கும் மீனுக்கும் தனிக் கத்தி, தனிப் பலகை கட்டாயம்.

நினைவு மறதி நோய் முற்றியவர், அடிக்கடி வலிப்பு வருபவர், மனக்குழப்பத்தில் இருப்பவர் ஆகியோர் உள்ள வீட்டில் மட்டும் எங்கள் அறிவுரை மாறும்: கத்திகள் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும், அவர்களுக்குக் கீரை ஆய்வது, பட்டாணி உரிப்பது போன்ற வேலைகளைத் தாருங்கள்.

கையில் வெட்டுப்பட்டால் மஞ்சள்தூளோ காப்பித்தூளோ அப்ப வேண்டாம். காயத்தைத் தூய்மை செய்வதும் ஆழத்தை அறிவதும் பின்னர் கடினமாகும். சுத்தமான துணியால் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி, 10 நிமிடம் எடுத்து எடுத்துப் பாராமல் பிடித்திருங்கள். இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்பவர் மேலும் சில நிமிடம் பிடிக்க வேண்டியிருக்கலாம். அப்படியும் நிற்காவிட்டாலும், விரல் மடங்காவிட்டாலும், நுனி மரத்துப்போனாலும் உடனே வாருங்கள். விரல் துண்டிக்கப்பட்டால் அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் இட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் கொண்டுவாருங்கள். பனிக்கட்டி விரலை நேரே தொடலாகாது. வெட்டுக்கு அஞ்சி மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவோர் உண்டு. செயற்கை வால்வு பொருத்தப்பட்டவருக்கு அது வெட்டுக்காயத்தைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. மருத்துவரைக் கேளாமல் ஒரு வேளைகூட விடாதீர்கள். காயத்தோடு வரும்போது மாத்திரை அட்டையையும், கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட தேதியையும் கொண்டுவந்தால் அவசரப் பிரிவில் வேலை விரைவாக நடக்கும்.