லெப்டினன்ட் எப்போது கேப்டன் ஆனார்?

ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, எங்கெங்கோ சுற்றி, பிரான்ஸ் அரசின் பென்ஷனோடு ஊர் திரும்பியவரை இங்கே சொல்தா என்பார்கள். அந்த வீட்டுத் தாத்தாவின் பேரன் பிரான்சில் வளர்ந்தவன். ஜூலை பிறந்தால் விடுமுறைக்கு வந்துவிடுவான். அவன் பெட்டியில் கெட்டி அட்டை போட்டு, வழவழத்த தாளில் பல வண்ணத்தில் அச்சான பிரெஞ்சுப் படக்கதைகள் இருக்கும். என்னிடம் இருந்ததோ சிவகாசியில் அச்சாகி, மூலகுளம் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடை வழியாக என் கைக்கு வந்து சேர்ந்த காமிக்ஸ் கட்டு.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாலை. அவன் திண்ணையில் போட்டுவிட்டுப் போயிருந்த புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு எழுத்தும் புரியவில்லை, ஆனால் கதை முழுக்கத் தெரிந்திருந்தது. பாலைவனம், தங்கச் சுரங்கம், தங்கத் தோட்டாவால் சுடும் ஆவி. முத்து காமிக்ஸில் நான் மனப்பாடமாக வைத்திருந்த ‘தங்கக் கல்லறை’.

“டேய், இது கேப்டன் டைகர்டா!”

“இல்ல. ப்ளூபெரி. லியத்னான் ப்ளூபெரி.”

வழக்கு தாத்தாவிடம் போனது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெயர் மாறியது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. “பேர மாத்திக்கட்டும், அது அவங்க இஷ்டம். லியத்னான் எப்படி தம்பி கபித்தேன் ஆனான்? எந்த சர்க்கார் ப்ரமோஷன் குடுத்துது?”

பட்டாளத்துக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். ப்ரமோஷன் கொடுத்தது சிவகாசி என்று அவருக்குச் சொல்ல அன்று எனக்குத் தெரியவில்லை.

காமிக்ஸ் நாயகர்கள் சினிமாவுக்குப் போகும்போதெல்லாம் ஒரே புலம்பல்தான் கேட்கிறது. முகம் சரியில்லை, குணத்தை மாற்றிவிட்டார்கள், எங்கள் ஆளைக் கெடுத்துவிட்டார்கள். நானும் புலம்பியிருக்கிறேன். ஆனால் தமிழ் வாசகர்கள் இப்படிப் புலம்பும்போது எனக்கு அந்தத் தாத்தாவின் கேள்விதான் ஞாபகம் வரும். நாம் காதலித்த நாயகர்களில் ஒருவராவது மாறாமல் நம்மிடம் வந்தாரா? சினிமாக்காரன் கை வைப்பதற்கு வெகுகாலம் முன்பே சிவகாசிக்காரர்கள் கை வைத்துவிட்டார்கள். நாம் ‘அசல்’ என்று கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கைவண்ணத்தைத்தான்.

ப்ளூபெரியையே எடுத்துக்கொள்வோம். 1963-இல் ‘பைலட்’ என்ற பிரெஞ்சு வார இதழில் பிறந்தவர். கதை ஜான் மிஷெல் சார்லியே, படம் ஜான் ஜிரோ. ஜிரோ அந்த முகத்தை வெறுங்காற்றிலிருந்து பிடிக்கவில்லை. அப்போது பிரான்சைக் கலக்கிக்கொண்டிருந்த நடிகர் ஜான் போல் பெல்மோந்தோவின் மூக்கையும் தாடையையும் கடன் வாங்கினார். ஆக, அந்த ஆள் சினிமாவிலிருந்து காகிதத்துக்கு வந்தவர். 2004-இல் யான் குனன் அவரைத் திரும்பவும் திரைக்குக் கொண்டுபோனபோது வேஷம் வின்சென்ட் கஸ்ஸலுக்கு. எடுத்துக்கொண்ட கதை, சாட்சாத் நம் ‘தங்கக் கல்லறை’.

நண்பன் அடுத்த விடுமுறைக்கு அந்தப் படத்தின் டிவிடியோடு வந்தான். இருவரும் சேர்ந்து பார்த்தோம். சுரங்கம் இருந்தது, ஜெர்மன்காரப் பித்தலாட்டக்காரன் இருந்தான். ஆனால் குனனுக்குத் தங்கத்தில் நாட்டமே இல்லை. பெரு நாட்டுக் காட்டில் பழங்குடி வைத்தியர்களோடு தங்கி, அவர்கள் கொடுக்கும் மூலிகைக் கஷாயத்தைக் குடித்து, கனவுலகம் பார்த்துவிட்டு வந்தவர் அவர். தான் கண்டதையெல்லாம் பாவம் ப்ளூபெரியின் தலைக்குள் இறக்கிவிட்டார். கடைசிக் கட்டத்தில் துப்பாக்கிச் சண்டை வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். பாம்பும் பூச்சியும் பொன்னிற ஒளியும் திரை முழுக்க நெளிந்துகொண்டேயிருந்தன.

“இது ப்ளூபெரியே இல்ல” என்றான் அவன். “டைகரும் இல்ல” என்றேன் நான். பத்து வருஷ வழக்கில் நாங்கள் ஒத்துப்போன முதல் சந்தர்ப்பம்.

இப்போது யோசித்தால் குனனிடம் எனக்கு அவ்வளவு கோபமில்லை. அவர் கெடுத்தார், சரி. ஆனால் அவருக்கென்று சொல்ல ஏதோ இருந்தது. இத்தாலியின் டெக்ஸ் வில்லருக்கு நடந்தது அதைவிடப் பரிதாபம். 1948-இலிருந்து குதிரையை விட்டு இறங்காத மனிதர். இன்றும் தமிழில் அவர் பெயரைப் போட்டால் புத்தகம் விற்றுவிடும். 1985-இல் அவரைப் படமாக்கினார்கள். ஜூலியானோ ஜெம்மா நடித்தார், கதாசிரியர் போனெல்லியே ஒரு செவ்விந்தியக் கிழவராகத் தலைகாட்டினார். எல்லோரும் பயபக்தியோடு நடந்துகொண்டார்கள், படம் எழுந்திருக்கவேயில்லை. காமிக்ஸ் நாயகி மாடஸ்தியின் கதை நேரெதிர். 1966-இல் ஜோசப் லோசி எடுத்த படத்துக்கு முதலில் திரைக்கதை எழுதியவர், அவளைப் படைத்த பீட்டர் ஓ’டானலேதான். மற்றவர்கள் மாற்றி மாற்றி எழுதியதில் தன் வசனத்தில் ஒரே ஒரு வரிதான் படத்தில் மிஞ்சியது என்று பிற்பாடு சொன்னார். அதே மாடஸ்தியைத்தான் 1984 ஜூலையில் தன் முதல் இதழின் நாயகியாக்கியது லயன் காமிக்ஸ், ‘கத்திமுனையில் மாடஸ்தி’ என்று. நம் ஊர் ரசிகர்களுக்கு அவள் இன்றும் ‘இளவரசி’. அந்தப் படத்தைப் பார்த்து மனம் நோக அவர்களுக்கு வாய்ப்பு அமையவில்லை. நல்லதுதான்.

லயனின் இன்னொரு ஆள் ஸ்பைடர். காது நீண்டு, முன்நெற்றி கூர்ந்து, குற்றச் சக்கரவர்த்தியாக வலம் வந்த பிரிட்டிஷ் ஸ்பைடர். 2002-இல் ‘ஸ்பைடர்மேன்’ படம் வந்தபோது, ‘யாரிவன், எங்க ஸ்பைடர் எங்கே?’ என்று நிஜமாகவே ஏமாந்த தமிழர்களில் நான் ஒருவன். தமாஷ் என்னவென்றால், எங்கள் ஸ்பைடருக்குக் கதை எழுதியவர்களில் ஒருவர் சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகல்.

இவர்கள் எல்லாரையும் விட்டுவிட்டு மாயாவிக்கு வருகிறேன். தமிழில் காமிக்ஸ் என்றாலே இரும்புக்கை மாயாவிதான்.

லண்டனில் 1962-இல் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய தொடர். படம் போட்டவர் ஜீசஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர். அங்கே அவனுக்குப் பெயர் லூயி கிராண்டேல். ஒரு கை இழந்து இரும்புக்கை மாட்டிக்கொண்ட ஆய்வுக்கூட உதவியாளன். ஒரு விபத்தில் உயரழுத்த மின்சாரம் பாய, உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். கவனிக்க வேண்டியது, முதல் கதையில் அவன் கெட்டவன். சக்தி கிடைத்ததும் திருடப் போனவன். திருந்தி, நிழற்படை உளவாளியானதெல்லாம் பிறகு. பிரிட்டிஷ் பையன்கள் அவனை வாரத்துக்கு இரண்டு பக்கமாக, ‘தொடரும்’ போட்டு, சந்தேகத்தோடுதான் பழகினார்கள்.

1972-இல் சிவகாசியில் எம். சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியபோது முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’. பெயர் வைத்ததிலேயே பாதி வேலை முடிந்தது. ஆங்கிலப் பெயர் கையைப் பற்றிச் சொல்கிறது. தமிழ்ப் பெயர் ஆளைப் பற்றிச் சொல்கிறது. மாயாவி என்பது வாலியைக் குகைக்குள் இழுத்துக்கொண்டு போன அசுரனின் பெயர். அது இங்கே வந்து நல்லவன் பெயரானது. தொடரை வெட்டி ஒட்டி ஒரே மூச்சில் முடியும் புத்தகமாக்கினார்கள். ‘பாம்புத் தீவு’, ‘நாச அலைகள்’, ‘உறைபனி மர்மம்’ என்று தலைப்புகள். லூயி கிராண்டேல் என்றால் நம்மில் பலருக்கு யாரென்று தெரியாது. மாயாவி என்றால் ஐம்பதைத் தாண்டியவர்கள் வலது கையைத் தூக்கிக் காட்டுவார்கள். பின்னாளில் ராணி காமிக்ஸ், அமெரிக்காவின் முகமூடி வீரர் ஃபாண்டமுக்கும் ‘மாயாவி’ என்றே பெயர் வைக்க, எந்த மாயாவி உசத்தி என்று வகுப்புகள் இரண்டுபட்டன.

ரெட்டியார்பாளையத்திலேயே ஒரு கம்பன் நகர் இருக்கிறது. வருஷம் தவறாமல் கம்பனுக்கு விழா எடுக்கிற ஊர் புதுச்சேரி. வான்மீகியின் ராவணன் சீதையைத் தொட்டுத் தூக்குகிறான். கம்பனின் ராவணன் தரையோடு பெயர்த்துக் குடிலையே கொண்டுபோகிறான். மாற்றியதற்காகக் கம்பனை யாரும் கோபித்ததில்லை. இந்தப் பேட்டையில் இருந்துகொண்டு, ‘மூலத்தை மாற்றிவிட்டான்’ என்று ஒரு சினிமா டைரக்டரைத் திட்ட எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

‘மாநகரம்’ வந்த காலத்தில் லோகேஷ் கனகராஜ் சூர்யாவை வைத்து ‘இரும்புக்கை மாயாவி’ எடுக்கப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது. வருஷங்கள் ஓடிவிட்டன, படம் வந்தபாடில்லை. காரணம் பட்ஜெட், கால்ஷீட் என்று நூறு சொல்லலாம். எனக்குத் தோன்றுவது வேறு. மறைந்துபோவது காகிதத்தில் உலகத்திலேயே மலிவான வேலை. வரையாமல் விட்டால் போதும். கறுப்பு மையில் ஒரு கை, சுற்றி வெள்ளைத்தாள். மிச்சத்தைப் பையனே போட்டுக்கொள்வான். சினிமாவில் அதே வெறுமைக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், தமிழ் சினிமாவில் ஹீரோ மறைய முடியாது. முகத்தைப் பார்க்கத்தானே முதல் நாள் முதல் காட்சிக்குக் கூட்டம் வருகிறது? பாதிப் படத்துக்கு இரும்புக்கை மட்டும் மிதந்தால் பால் அபிஷேகம் எதற்குச் செய்வது? 1989-இல் பாக்யராஜ் ‘என் ரத்தத்தின் ரத்தமே’யில் மறைந்து பார்த்தார், இந்தி ‘மிஸ்டர் இந்தியா’வின் மறுஆக்கம் அது. அங்கேயும் நாயகன் எத்தனை நேரம்தான் மறைந்திருக்க முடியும்? மாயாவியைப் படமாக்குகிறவர் மின்சாரத்தைவிட ரசிகர் மன்றத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

மிஷ்கினின் ‘முகமூடி’ (2012) இந்தச் சங்கடத்தில் மாட்டிக்கொண்ட படம். ஜீவா முகமூடி போடுகிறார். ஆனால் ஏன் போடுகிறார், எங்கே குங்ஃபூ கற்றார், யாருக்காக வேஷம் கட்டினார் என்று படம் காரணம் சொல்லிக்கொண்டேயிருக்கிறது. நாங்கள் படித்த முகமூடிக்காரர்கள் யாரும் எங்களிடம் காரணம் சொன்னதில்லை.

அதற்கு இரண்டு வருஷம் முன்பே சிம்புதேவன் வேறு வழி பிடித்தார். விகடனில் கார்ட்டூன் போட்டவர்; காமிக்ஸ் வாசகனின் மண்டைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர். ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ (2010) எந்த ஒரு காமிக்ஸையும் தழுவிய படமல்ல. அந்தக் காலத்து ஜெய்சங்கர் கௌபாய் படங்களையும் சிவகாசிக் காமிக்ஸையும் ஒரே மெத்தையில் படுத்துப் படித்த பையனின் தலைக்குள் இருந்த ஊரை அப்படியே செட் போட்டார். ஊர்ப் பெயர் ஜெய்சங்கர்புரம். கிளின்ட் ஈஸ்ட்வுட்டைத் தமிழாக்கி, ஒற்றைக்கண் நாசருக்குக் ‘கிழக்குக்கட்டை’ என்று பெயர். செவ்விந்தியர்களும் வருகிறார்கள், காமிக்ஸில் வந்ததைப் போலவே.

கதையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. சிங்கம் என்ற மாவீரன் காணாமல் போகிறான். தூக்குமேடை வரை போன சிங்காரம் என்ற சாதாரண ஆள், முக ஜாடை ஒத்துப்போனதால், அவனாக நடிக்கும்படி அனுப்பப்படுகிறான். ஊர் ஏற்கெனவே காதலிக்கும் ஒருவனின் தொப்பியை மாட்டிக்கொண்டு, உள்ளுக்குள் உதறலோடு, சந்தேகப்படுகிறவர்கள் முன்னால் நாயகன் லாரன்ஸ் நிற்கிறார். டெக்ஸாக நின்ற ஜெம்மாவின் நிலையும் ப்ளூபெரியாக நின்ற கஸ்ஸலின் நிலையும் அதுதானே? படம் பல இடங்களில் நொண்டுகிறது. பாட்டுகளில் பாதியை வெட்டலாம். இருந்தும் தமிழ் காமிக்ஸை ஒழுங்காகப் படமாக்கியது அது ஒன்றுதான் என்று யாரோடும் மல்லுக்கட்டத் தயார்.

போன விடுமுறையில் நண்பன் குடும்பத்தோடு வந்திருந்தான். தாத்தா இல்லை, திண்ணையையும் இடித்து கார் நிறுத்த இடம் செய்திருக்கிறார்கள். என்னிடமிருந்த ‘தங்கக் கல்லறை’யைக் காட்டினேன். அவனுடைய பத்து வயது மகன் அதை வாங்கிப் புரட்டினான். தமிழ் பேசுவான், படிக்க வராது.

“இது யாருப்பா?”

நண்பன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். “கேப்டன் டைகர்” என்றான்.

பையன் படத்தை உற்றுப் பார்த்தான். தோளில் இருந்த பட்டையை விரலால் தொட்டான். “கபித்தேன் இல்லப்பா, லியத்னான்” என்றான்.