மகள் பார்ப்பது 'தாய்' சீரியல்… பதற வேண்டுமா?

"என்ன பாப்பா பார்த்துக்கிட்டிருக்கே?" என்று கேட்கிறீர்கள். "தாய் டிராமாம்மா" என்று பதில் வருகிறது. அட, நம்ம பிள்ளை தாய்ப்பாசக் கதையெல்லாம் பார்க்கிறாளே என்று மனசு குளிர்ந்து அடுப்படிக்குத் திரும்பிவிடுகிறீர்கள். இரண்டு வாரம் கழித்து, காபி டம்ளரை மேஜையில் வைக்கும்போது கண் தற்செயலாக செல்போன் திரையில் விழுகிறது. இரண்டு பையன்கள். ஒருத்தன் இன்னொருத்தனின் தலையைக் கோதிவிடுகிறான். அடுத்த நொடி நெற்றியில் ஒரு முத்தம்! அப்போதுதான் புரிகிறது… அது தாய் இல்லை, தாய்லாந்து!

வயிற்றில் புளியைக் கரைக்கிறதா? உடனே போனைப் பிடுங்கி, "என்ன கருமம் இது? அப்பா வரட்டும்!" என்று கத்தத் தோன்றுகிறதா? லாஸ்பேட்டையானாலும் சரி, முத்தியால்பேட்டையானாலும் சரி, நம் புதுவை வீடுகளில் பல அம்மாக்களுக்கு முதலில் வருவது இந்தக் கோபம்தான். கொஞ்சம் பொறுங்கள். முதலில் அந்த சீரியல் என்ன என்று தெரிந்துகொள்வோம். கத்துவதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்யலாம்.

இரண்டு பையன்களுக்கு நடுவே மலரும் காதலைச் சொல்லும் கதைகளுக்கு 'பாய்ஸ் லவ்' என்று பெயர். சுருக்கமாக பி.எல். பிறந்த இடம் ஜப்பான். அங்கே பெண்கள் எழுதி, பெண்கள் வரைந்து, பெண்களே விரும்பிப் படித்த படக்கதைகள் இவை. 'யாவோய்' என்பது அவற்றின் இன்னொரு பெயர். அதன் முதல் எழுத்தை வைத்துத்தான் தாய்லாந்துக்காரர்கள் இன்றும் 'ஒய்' சீரியல் என்கிறார்கள். 2014-ல் 'லவ் சிக்' என்ற பள்ளிக்கூடக் கதை அங்கே தொலைக்காட்சியில் வந்தது. 2016-ல் வந்த 'சோட்டஸ்' தொடரில் கதைக்களம் எஞ்சினீயரிங் கல்லூரி. ஜூனியர்களை மிரட்டி வேலை வாங்கும் சீனியர் ஆர்த்தித். எதிர்த்து நிற்கும் முதலாம் ஆண்டு மாணவன் காங்போப். மோதலில் ஆரம்பித்துக் காதலில் முடிகிறது. இந்த ஃபார்முலா நமக்குப் புதுசா என்ன? நம்ம ஊர் ஹீரோவும் ஹீரோயினும் முதல் சீனில் சைக்கிளில் இடித்துக்கொண்டு சண்டை போட்டதைத்தானே அரை நூற்றாண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

உலகம் முழுக்க இந்த அலையைக் கொண்டுபோனது 2020-ல் வந்த 'டுகெதர்'. மொத்தம் 13 எபிசோட். கொரோனா ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த பிள்ளைகளுக்கு யூடியூபில் கிடைத்த விருந்து அது. தன்னை விடாமல் துரத்தும் ஒரு பையனிடமிருந்து தப்பிக்க, டைன் என்ற மாணவன், கல்லூரியே கிறங்கிக் கிடக்கும் கிடார் இளைஞன் சரவாட்டிடம் போய், "என் காதலனா கொஞ்ச நாள் நடிக்கிறியா?" என்று கெஞ்சுகிறான். நடிப்பு நிஜமாகிறது. டைனாக வந்த வின், சரவாட்டாக வந்த பிரைட் இருவரும் ஒரே மூச்சில் ஆசியா முழுக்கப் பிரபலமானார்கள்.

என்னைக் கேட்டால், இந்த வரிசையில் மனசைத் தொடுவது 2021 அக்டோபரில் தொடங்கிய 'பேட் படி'தான். பக்கத்துப் பக்கத்து வீடு, தலைமுறைப் பகை, அவர்கள் மார்க் வாங்கினால் இவர்களுக்கு வயிற்றெரிச்சல். 'அந்த வீட்டுப் பையனோட பேசாதே' என்றே வளர்க்கப்பட்ட பட், பிரான் என்ற இரண்டு பிள்ளைகள். ஓம், நானான் என்ற இருவரும் அதில் அவ்வளவு இயல்பாக நடித்திருக்கிறார்கள். அங்கே கதையின் முள், இருவரும் ஆண்கள் என்பதல்ல… அப்பா அம்மாவின் பகையைப் பிள்ளைகள் ஏன் சுமக்க வேண்டும் என்பதுதான். எல்லைச் சுவர் தகராறு இல்லாத தெரு நம்ம ஊரில் ஏது!

சரி, இதைப் பெண்பிள்ளைகள் ஏன் விழுந்து விழுந்து பார்க்கிறார்கள்? ராத்திரி ஹாலில் ஓடும் நம் சீரியலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மருமகள் அழுவாள், மாமியார் விஷம் வைப்பாள், தாலி பறிபோகும், கன்னத்தில் அறை விழும். சினிமாவிலோ பிடிக்கவில்லை என்று சொன்ன பெண்ணைத் துரத்தித் துரத்தியே 'சம்மதம்' வாங்கிவிடுவான் ஹீரோ. ஒய் சீரியலில் அழுது வடியும் பெண் இல்லை, 'பொம்பளைன்னா இப்படித்தான் இருக்கணும்' என்ற உபதேசம் இல்லை. ரெண்டு பேரும் சம அந்தஸ்து. ஒருத்தன் சமைத்தால் இன்னொருத்தன் பாத்திரம் கழுவுகிறான்! 16 வயதுப் பெண்ணுக்கு, தன்னை அந்த இடத்தில் வைத்துப் பார்த்துக் கூச்சப்படாமல், தள்ளி நின்று காதலை வேடிக்கை பார்க்க ஒரு ஜன்னல் கிடைக்கிறது. இது என் கணிப்பு. உங்கள் மகளிடம் கேட்டால் வேறு காரணம்கூடச் சொல்லலாம். கேட்டுத்தான் பாருங்களேன்.

அதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம். இந்த வகைத் தொடர்கள் சிலவற்றில், குறிப்பாக ஆரம்ப காலத்தில் வந்தவற்றில், தூங்குகிறவனை முத்தமிடுவதும் பலவந்தப்படுத்துவதும் காதலாகவே காட்டப்பட்டன. 2022-ல் வந்த 'கின்போர்ஷ்' மாஃபியா கும்பல் கதை. ரத்தமும் படுக்கையறையுமாக அது பெரியவர்களுக்கானது, பள்ளிப் பிள்ளைக்கு ஆகவே ஆகாது. இன்னொன்று, இந்த 'ஜோடி' வியாபாரம். கதையில் ஜோடியாக வந்தவர்களை விளம்பரத்திலும் மேடையிலும் ஜோடியாகவே உலவவிடுகிறார்கள். கற்பனை ஜோடி என்று பொருள்படும் தனிச் சொல்லே தாய் மொழியில் உண்டு. எம்.ஜி.ஆர்.-சரோஜாதேவி, கமல்-ஸ்ரீதேவி என்று நாமும் ஒரு காலத்தில் ஜோடி சேர்த்து உருகியவர்கள்தான். ஆனால், அந்த நடிகருக்கு நிஜத்தில் ஒரு காதலி இருக்கிறாள் என்று தெரிந்ததும் உங்கள் பிள்ளை சாப்பாட்டைத் தள்ளிவைத்து அழுதால், அங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. அப்புறம் தூக்கம்! 13 முதல் 18 வயது வரை ராத்திரிக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். 'இன்னும் ஒரே ஒரு எபிசோட்' என்று விடியற்காலை 2 மணி வரை கண்விழித்தால், பார்த்தது பி.எல்.லாக இருந்தாலும் பக்திப் படமாக இருந்தாலும் மறுநாள் கிளாஸில் தூங்கித்தான் வழிவாள்.

'பார்த்துப் பார்த்து இவளும் அப்படி ஆகிடுவாளோ?'

பல பெற்றோரின் அடிமனசில் இருக்கும் கேள்வி இதுதான், வாய்விட்டுக் கேட்கத்தான் வெட்கம். பதிலை நேராகவே சொல்லிவிடலாம். ஆக மாட்டாள். ஆணுக்கு ஆண் மீதோ, பெண்ணுக்குப் பெண் மீதோ ஏற்படும் ஈர்ப்பு சீரியல் பார்த்து ஒட்டிக்கொள்ளும் சமாசாரம் இல்லை. அப்படி ஒட்டுமானால், பிறந்ததிலிருந்து ஹீரோ-ஹீரோயின் டூயட்டை மட்டுமே பார்த்து வளர்ந்த நம் தலைமுறையில் ஒருத்தர்கூட அப்படி இருந்திருக்கக் கூடாதே! இருந்தார்கள், இருக்கிறார்கள். வெளியே சொல்லாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

அது நோயும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 1973-லேயே இதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று எடுத்தது. நம் நாட்டு மனநல மருத்துவர்கள் சங்கமும் 2018-ல் இது மனநோய் அல்ல என்று பகிரங்கமாகச் சொன்னது.

சீரியல் பார்க்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெறும் ரசிகர்கள். ஆனால், ஏதோ ஒரு வீட்டில், ஒரு பையனோ பெண்ணோ அந்தத் திரையில் தன்னையே தேடிக்கொண்டிருக்கலாம். 'என்னை மாதிரி இன்னொருத்தர் உலகத்தில் இருக்காங்களா?' என்ற தவிப்போடு பார்க்கலாம். கவலைப்பட வேண்டியது இங்கேதான்… அதுவும் பிள்ளையைப் பற்றி இல்லை, நாம் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பற்றி! மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள். 'ஹார்மோன் ஊசி போட்டா சரியாகிடும்' என்று ஒருவர் சொல்வார். 'ஒரு கால்கட்டைப் போட்டுடுங்க, எல்லாம் தெளிஞ்சிடும்' என்பார் சொந்தத்தில் ஒரு பெரியவர். தெளியாது. இன்னொரு வீட்டுப் பெண்ணோ பையனோ சேர்ந்து கண்ணீர் விடுவதுதான் மிச்சம். இந்த 'மாற்றும் சிகிச்சை' பலன் தராது. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோய்விடுகிறது. அதனால்தான், இப்படிச் சிகிச்சை தருவது மருத்துவருக்கான ஒழுக்க மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் எல்லா மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கும் எழுதியது. எனவே 'குணப்படுத்தித் தர்றேன்' என்று யாராவது சொன்னால், அவர் சுவரில் எத்தனை பட்டம் மாட்டியிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த ஆணைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பிச் சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் போலீசில் புகார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் வந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? இந்த விஷயம் தனக்கே முழுசாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டார்! அந்தப் பெண்களையும் பெற்றோர்களையும்கூட ஆலோசனைக்கு அனுப்பினார். 2021 ஜூன் 7 அன்று அவர் தந்த உத்தரவில், மருத்துவத்தின் பெயரால் இவர்களை 'மாற்ற' முயல்வதற்குத் தடை விதித்தார். நம் புதுச்சேரிக்கும் அதே உயர் நீதிமன்றம்தான் என்பது நினைவிருக்கட்டும்.

2025 மே மாதத்தில் இன்னொரு வழக்கு. 25 வயதுப் பெண் ஒருவரை வீட்டார் அடைத்துவைத்திருக்க, அவருடைய தோழி நீதிமன்றத்துக்குப் போனார். விரும்பியவரோடு போக அந்தப் பெண்ணை அனுமதித்த நீதிபதிகள், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்றார்கள். எதிரில் நின்ற அம்மாவின் வேதனையையும் அவர்கள் ஒதுக்கிவிடவில்லை. எல்லாப் பெற்றோரும் லீலா சேத் போல ஆகிவிட முடியாது என்றார்கள். யார் அவர்? இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர், எழுத்தாளர் விக்ரம் சேத்தின் அம்மா. தன் மகன் தன்பாலீர்ப்பு கொண்டவர் என்பதை வெளிப்படையாகச் சொல்லி, அவர் பக்கம் நின்று பத்திரிகையில் எழுதியவர்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சேதி. 'இதெல்லாம் இப்ப வெள்ளைக்காரன்கிட்டேருந்து வந்தது' என்று சொல்கிறோம் இல்லையா? வெள்ளைக்காரன் கொண்டுவந்தது அதைத் தண்டிக்கும் சட்டத்தை! 377-வது பிரிவு 1860-ல் ஆங்கிலேயர் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்தில் வந்தது. பிரெஞ்சுக்காரர்களோ புரட்சிக்குப் பிறகு, 1791-லேயே, இதைக் குற்றப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். பிரெஞ்சுச் சட்டம் நடந்த புதுச்சேரிக்கு இந்திய தண்டனைச் சட்டம் 1963-ல்தான் நீட்டிக்கப்பட்டது. கூடவே 377-ம் வந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று, வயது வந்த இருவர் சம்மதத்துடன் வாழ்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, நம் ஊரில் அந்தப் பிரிவு இதற்காக இருந்ததே 55 வருஷம்தான். பிரான்சில் 2013 முதல் ஒரே பாலினத்தவர் திருமணமே செய்துகொள்ளலாம், சொல்தா வீட்டுச் சொந்தங்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த சீரியல்கள் வரும் தாய்லாந்திலும் 2025 ஜனவரி 23 முதல் அந்தச் சட்டம் அமலில் இருக்கிறது. நம் நாட்டில் திருமண உரிமை இல்லை என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சேர்ந்து வாழத் தடையில்லை.

சரி, நாளைக்கே உங்கள் பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, நான் ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?" என்று ஆரம்பித்தால்? முழுசாகச் சொல்ல விடுங்கள். நடுவில் "யார் உன்னைக் கெடுத்தது?" என்று கேட்டால், அதற்கப்புறம் அந்த வாய் திறக்காது. உடனே பதில் சொல்லத் தெரியவில்லையா, "எனக்குப் புரிய கொஞ்ச நாள் ஆகும், ஆனா நீ என் பிள்ளைதான்" என்று மட்டும் சொல்லுங்கள். அத்தைக்கும் சித்திக்கும் போன் போட்டுவிடாதீர்கள். அது பிள்ளையின் ரகசியம், உங்களுடையது இல்லை. 18 வயதுக்குக் கீழே என்றால், ஆண்-பெண் காதலுக்கு வீட்டில் என்ன கண்டிப்போ அதே கண்டிப்பு இதற்கும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், 'செத்துப்போகலாம்' என்ற பேச்சை எடுத்தால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். ஈர்ப்பை மாற்ற அல்ல, அந்தத் துயரத்தைப் போக்க. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 14416 என்ற இலவச 'டெலி மானஸ்' எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். அம்மா அப்பாவும் தங்கள் கலக்கத்தைச் சொல்லி அழ, அதே எண்தான்.

இது எதுவுமே இல்லை, மகள் சும்மா ரசிகைதான் என்றால் வேலை இன்னும் சுலபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்ததும், "அந்த பேட் படியைப் போடு, நானும் பார்க்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் திருதிருவென்று விழிப்பாள். மொத்தம் 12 எபிசோட்தான். பெரும்பாலும் கீழே ஓடும் எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும், அதுவும் வேகமாக ஓடும். மொழிபெயர்த்துச் சொல்ல அவளையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.