மண்ணெண்ணெய் குடித்த மோட்டாரைப் பெற்றோலுக்கு மீட்டல்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகள் சிலவற்றின் கார்க் கொட்டில்களில் இன்றும் ஒரு மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் கேம்பிறிட்ஜோ நிற்கக் காண்கிறோம். தந்தையார் வாங்கியதாதலின் விற்க மனம் வருவதில்லை, ஓட்டுதற்கும் இயல்வதில்லை. காலையில் ஸ்ராட் செய்ய அரைமணி நேரம் செல்லும். ஸ்ராட் ஆனபின் நின்ற இடத்தில் நடுங்கி நடுங்கி அணைந்துவிடும். வீதியில் ஓடும்போது மாத்திரம் குறை அவ்வளவாகத் தெரியாது. சந்தியில் நிறுத்தினால் மீண்டும் அதே நடுக்கம். "எஞ்சினுக்கு வயதாயிற்று, இரும்புக்குக் கொடுத்துவிடலாம்" என்று ஈற்றில் வீட்டார் தீர்ப்புக் கூறுகின்றனர். இத்தீர்ப்புப் பெரும்பாலும் பிழையானதென்று காட்டுதலே எமது நோக்கமாகும். இவ்வெஞ்சின்கள் முதுமையால் மாத்திரம் நோயுற்றவையல்ல. வேறோர் எரிபொருளுக்காக மாற்றப்பட்டு, அம்மாற்றம் முற்றாக நீக்கப்படாமல் விடப்பட்டவை அவற்றுட் பல.

தமிழாசிரியனுக்கு இங்கே என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். எஞ்சினைப் பொறி என்கிறோம். தெறிக்கும் நெருப்பையும் பொறி என்கிறோம். கண் முதலிய ஐந்தும் பொறிகளே. இச்சொல்லை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எமது தாய்மாமனாரின் வேலைத்தலமே மனக்கண்ணில் வரும். பாடசாலை விடுமுறைகளிற் பெரும்பகுதியை அங்கேதான் கழித்தோம்.

1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது யாம் கீழ்வகுப்பு மாணவர். வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. எப்படியோ வந்து சேர்ந்த சிறிதளவும் பொன்விலை விற்றது. மண்ணெண்ணெய் மாத்திரம் மட்டுப்பட்ட அளவிற் கிடைத்தது. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவும், மணமக்களை ஏற்றவும், சந்தைக்கு மரக்கறி அனுப்பவும் வாகனங்கள் ஓடியே ஆகவேண்டியிருந்தன. ஆதலின் பெற்றோல் மோட்டார்களுக்கு மண்ணெண்ணெய் குடிக்கப் பழக்கினார்கள்.

இது எம்மவர் புதிதாகக் கண்டுபிடித்ததன்று. இங்கிலாந்தில் 1949 இல் வெளிவந்த பேர்குசன் ரி.ஈ.டி. 20 உழவு இயந்திரம் மண்ணெண்ணெய்க்கு இனமான ஓர் எண்ணெயில் ஓடியது. பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் நன்கு சூடேறியபின் குழாயைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்றுவர். ஆயின் அங்கே தொழிற்சாலையே அதற்கேற்ப எஞ்சினை அமைத்துக் கொடுத்தது. இங்கே ஸ்பானரும் அரமும் கொண்டு வேப்பமர நிழலில் அதனைச் செய்து முடித்தார்கள். மின்சாரமும் இல்லாத காலம் அது.

மண்ணெண்ணெயில் எஞ்சின் நேரே ஸ்ராட் ஆகாமைக்குக் காரணம் யாது? எரிவது திரவமன்று, அதன் ஆவியே. பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகைக் குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை விடும். மண்ணெண்ணெயோ ஏறக்குறைய 38 பாகை சென்ரிகிறேற்றுக்கு மேற் சூடானாலன்றி அத்தகைய ஆவியை விடாது. யாழ்ப்பாணத்து வெயிலும் அதற்குப் போதாது. ஆகையால் ஒரு சிறு போத்தலிற் காத்துவைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரின் வாயில் விட்டு எஞ்சினை எழுப்புவர். சூடேறியபின் மண்ணெண்ணெய் தானே ஆவியாகும்.

இவ்வாறு ஓட்டுதற்கு எஞ்சினிற் செய்த மாற்றங்கள் பல. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாமையால் அதிகமாகச் செல்லவேண்டுமென்று காபரேற்றரின் ஜெற்றை மிகத் தாழ்த்தினார்கள். சிலர் அதனுள் இறங்கும் ஊசியை அராவி மெலிதாக்கினார்கள். மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காமல் முன்கூட்டியே வெடித்து எஞ்சினைத் தட்டச் செய்யுமாதலின், டிஸ்ரிபியூற்றரைத் திருப்பிப் பொறி விழும் நேரத்தைப் பிந்தவைத்தார்கள். சிலிண்டர் மூடியின் கீழ் ஒரு கஸ்கெற்றுக்குப் பதிலாக இரண்டை வைத்து அமுக்கத்தைக் குறைத்தாரும் உளர். இன்னும் சிலர், ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து துளி விடுவது தொல்லையென்று, காபரேற்றருக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள உள்ளிழுக்கும் குழாயிலே ஒரு துளையிட்டுப் போத்தற் குழாயைப் பொருத்திவிட்டார்கள்.

பின்னர் 2002 இல் ஏ-9 வீதி திறந்தது. பெற்றோல் தாராளமாக வந்தது. தாங்கியிற் பெற்றோலை ஊற்றினார்களேயன்றி மேற்கூறிய மாற்றங்களைப் பலர் முற்றாக நீக்கவில்லை. அதே ஆண்டிலேதான் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோலும் நிறுத்தப்பட்டது. காற்றுக்கு அது நன்மையே. ஆனால் இப்பழைய எஞ்சின்களின் வால்வு அமரும் இடம் வெறும் வார்ப்பிரும்பு. ஈயத்தின் படிவு அவ்விடத்தைத் தேயாது காத்துவந்தது. மண்ணெண்ணெயிலும் அக்காப்பு இல்லை, புதிய பெற்றோலிலும் இல்லை. வால்வு சிறிது சிறிதாக உள்ளே அமிழ, விடவேண்டிய இடைவெளி அற்றுப்போய், வால்வு முற்றாக மூடாத நிலை உண்டாகும்.

இனி நோயின் மூலத்துக்கு வருவோம். நாம் அனைவரும் முதலிற் கைவைப்பது காபரேற்றரின் திருகாணியில். அது கண்ணுக்குத் தெரிவது, கைக்கு எட்டுவது, திருப்பினால் உடனே சத்தம் மாறுவது. ஆயினும் அதுவே கடைசியாகத் தொடவேண்டிய உறுப்பாகும். எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது துரொட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளிழுக்கும் குழாயில் வெற்றிடம் மிகுந்திருக்கும். நல்ல எஞ்சினில் அவ்வெற்றிடம் இரச அளவில் 18 அங்குலம் முதல் 20 அங்குலம் வரையில் நிற்கும். அந்நேரத்தில் ஊசி முனையளவு துளையிருந்தாலும் அதன் வழியே காற்று பாய்ந்து கலவையைக் கெடுத்துவிடும். வீதியில் ஓடும்போதோ துரொட்டில் திறந்து காற்று நிறையச் செல்லுதலால் அச்சிறு துளை ஒரு பொருட்டாகாது. ஓடும்போது நன்று, நின்றால் நடுக்கம் என்பதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே. அன்று பெற்றோல் துளிக்காக இட்ட துளையைப் பின்னர் மரக்குச்சியாலோ சவர்க்காரத்தாலோ அடைத்துவிட்டவர்கள் உண்டு. அவ்வடைப்பு எத்தனை காலம் நிற்கும்? காற்றுப் புகுவதை அறியாத மெக்கானிக், ஜெற்றை மேலும் தாழ்த்திப் பெற்றோலைக் கூட்டுகிறார். எஞ்சின் நின்ற இடத்திற் சற்றே அமைதியாகிறது. வீதியிலோ கரும்புகை கக்கிப் பெற்றோலைக் குடிக்கிறது. ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடியதன்றி வேறென்ன நடந்தது?

ஆகவே முதலில் எஞ்சினின் உடலைச் சோதித்தல் வேண்டும். பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளவுமானியால் அளக்க. எண் எவ்வளவு என்பதிலும், நான்கும் ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். ஒன்று குறைந்தால் அதனுள் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளக்க. அமுக்கம் ஏறினால் பிஸ்ரன் வளையம் தேய்ந்தது. மண்ணெண்ணெய் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவியதன் விளைவு அது. ஏறாவிட்டால் குறை வால்வில். நடுவிலுள்ள இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைந்தால், அவற்றிடையே கஸ்கெற் விட்டுப்போயிற்று என ஐயுறுக. இரட்டைக் கஸ்கெற் உள்ளவற்றில் இவ்வையத்துக்கு இடம் அதிகம்.

வால்வின் இடைவெளி மொறிஸ் மைனருக்கு, எஞ்சின் குளிர்ந்த நிலையில், 0.012 அங்குலம். இங்கே கணக்காசிரியர் மகிழத்தக்க விதியொன்று உண்டு. வால்வுகள் எட்டையும் முன்னிருந்து எண்ணுக. எந்த வால்வு முழுதும் திறந்து நிற்கிறதோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழிக்க வரும் எண்ணுடைய வால்வைச் சரிசெய்தல் வேண்டும். எட்டாவது திறந்தால் முதலாவது. ஆறாவது திறந்தால் மூன்றாவது. இவ்விதியைக் கற்றபின் எவரும் வால்வைத் தவறவிடார்.

அடுத்தது பொறி. பொயின்ற் இடைவெளி 0.015 அங்குலமும் பிளக் இடைவெளி 0.025 அங்குலமும் இருத்தல் வேண்டும். பின்னர், மண்ணெண்ணெய்க்காகப் பிந்தவைத்த நேரத்தைக் கைநூலில் அவ்வெஞ்சினுக்குக் கூறிய அளவுக்கு முன்கொணர்க. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. 12 வோல்ற் பல்ப் ஒன்றின் ஒரு முனையை டிஸ்ரிபியூற்றரின் கம்பியிலும் மறுமுனையை எஞ்சின் உடலிலும் தொடுத்து, சுவிச்சைப் போட்டபடி எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்புக. பல்ப் எரியும் கணமே பொயின்ற் திறந்து பொறி விழும் கணம். இன்று கிடைக்கும் 92 ஒக்ரேன் பெற்றோல் இவ்வெஞ்சின்களுக்குத் தாராளமாகப் போதும். எஞ்சின் தட்டுமோ என்று அஞ்சிப் பொறியைப் பிந்தவிட வேண்டியதில்லை.

மூன்றாவதாகக் காற்றுக் கசிவு. பழைய துளையைப் புரி வெட்டித் திருகாணியால் மூடுக. எஞ்சின் ஓடுகையில் பொருத்துகளைச் சுற்றிச் சிறிது மெல்லிய எண்ணெயை விட்டுப் பார்க்க. எவ்விடத்தில் விடும்போது சத்தம் மாறுகிறதோ அங்கே கசிவு உண்டு. சிலர் இதற்குப் பெற்றோலைத் தெளிக்கின்றனர். புகைக்குழாய் அருகே கொதித்துக்கொண்டிருக்கும் எஞ்சினில் இது உயிராபத்தான விளையாட்டு. துரொட்டிலின் அச்சையும் ஆட்டிப் பார்த்தல் வேண்டும்; அது தேய்ந்து ஆடுமாயின் லேத்தில் புதிய புஷ் போட்டாலன்றி எஞ்சின் அமைதியுறாது.

இவ்வளவும் முடிந்த பின்னரே காபரேற்றர். மொறிஸ் மைனரில் உள்ளது எஸ்.யூ. காபரேற்றர். அராவிய ஊசி இருப்பின் அதனை வீசிவிட்டு உரிய எண்ணுள்ள புதிய ஊசியைப் போடுக. அராவிய ஊசியை வைத்துக்கொண்டு சீர்செய்வது வளைந்த அடிமட்டத்தால் நேர்கோடு கீறுவது போலாம். உள்ளிருக்கும் பிஸ்ரனைத் துடைத்து, தூக்கி விட்டால் 'டக்' என்று விழவேண்டும். அரத்தாள் அதன்மேற் படவே கூடாது. ஜெற்றின் நட்டை முற்றாக மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டு சுற்றுக் கீழிறக்குக. சோக் கம்பியை விட்டவுடன் ஜெற் முழுதும் மேலே திரும்புகிறதா என்றும் பார்க்க. எஞ்சினை நன்கு சூடாக்கியபின், பிஸ்ரனை அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்களவு மாத்திரம் உயர்த்துக. வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம், நட்டை மேலேற்றுக. உடனே அணையப் பார்த்தால் குறைவு, கீழிறக்குக. கணநேரம் சற்றே கூடிப் பின்பு பழைய நிலைக்கு வந்தால் அதுவே சரி. ஒவ்வொரு முறையும் நட்டின் ஆறு பக்கங்களில் ஒன்றளவே திருப்புதல் வேண்டும். பொறுமையற்றவர் இவ்விடத்திலேதான் கெடுப்பர். இறுதியில் துரொட்டிற் திருகாணியால் வேகத்தை நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்றில் நிறுத்துக.

இரட்டைக் கஸ்கெற் இருந்தால் என் செய்வது என்று கேட்பாருண்டு. வால்வுக்காக மூடியைக் கழற்ற நேர்ந்தால் அதனையும் ஒற்றையாக்கிவிடலாம். கசிவின்றி இருந்து, கார் கோயிலுக்கும் சந்தைக்கும் மாத்திரம் போய்வருமாயின், சற்று வலுக்குறைந்தாலும் அதனை அப்படியே விடுவதில் நட்டமில்லை.

கடல் கடந்து வாழும் பழைய மாணவ அன்பர்கள் விழாவுக்கு வந்து கொட்டிலைத் திறக்கும்போது ஒன்றை மட்டும் முதலிற் செய்க. ஸ்ராட்டரைத் தொடுமுன் தாங்கியில் நெடுநாட் கிடந்த எண்ணெயை முற்றாக வடித்துக் கழுவிப் புதிய பெற்றோல் ஊற்றுங்கள். சுவிச்சைப் போட்டதும் பெற்றோற் பம்ப் 'டிக் டிக்' என்று அடித்துக் கிண்ணம் நிறைந்ததும் ஓயும். ஓயாது அடித்துக்கொண்டேயிருந்தால் பெற்றோல் எங்கோ ஒழுகுகிறது, அல்லது பம்ப் காற்றை இழுக்கிறது. அதனைக் கண்டுபிடிக்கும்வரை எஞ்சினைச் சுழற்ற வேண்டாம்.