குப்பி: ஒரு சொல்லும் அதற்குள் அடைபட்டவையும்

சிறிய கண்ணாடிக் கலத்துக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. சீசா பாரசீகத்திலிருந்து வந்தது. போத்தல் ஐரோப்பியர் வருகைக்குப் பின் ஈழத்தில் நிலைத்தது. பாட்டில் ஆங்கிலம். இவற்றுக்கிடையே, தமிழகத்தின் பெரும்பகுதியில் பழசாகிப்போன சொல் 'குப்பி'. மலையாளத்தில் இன்றைக்கும் பாட்டிலுக்கு அதுதான் பொதுப்பெயர். கண்ணாடி வளையலைக்கூட அங்கே 'குப்பிவளை' என்கிறார்கள். குமரி மாவட்டத்துப் பேச்சிலும் குப்பி உயிரோடிருக்கிறது. மற்றவர்களுக்கு அத்தர் குப்பி, மருந்துக் குப்பி என்று ஏதாவதொரு அடைமொழியோடு சொன்னால்தான் விளங்கும்.

இந்த அடைமொழிதான் நம் விஷயம். குப்பி என்பது கலத்தின் பெயர். உள்ளே என்ன இருக்கிறது என்று அது தானாகச் சொல்லாது. அடைமொழி உதிர்ந்த பிறகும் சொல் ஏதோ ஒன்றை உறுதியாகக் குறிக்கிறதென்றால், அந்த அர்த்தத்தை அதற்குள் ஊற்றி மூடியவர்கள் யார் என்று கேட்டாக வேண்டும்.

சித்த மருத்துவத்தில் குப்பி ஒரு கருவி. கண்ணாடிக் குப்பிக்குச் சீலைமண் பூசிக் காயவைப்பார்கள். சரக்கை அடைத்து, மணல் நிரம்பிய பாண்டத்தில் புதைத்து எரிப்பார்கள். இதுதான் வாலுகா யந்திரம். பாதரசமும் கந்தகமும் இப்படித்தான் மருந்தாகின்றன. நஞ்சு உள்ளே போய் மருந்தாக வெளியே வருகிற இடம் என்பதுதான் அங்கே குப்பிக்கு அர்த்தம்.

இலங்கையில் குப்பி என்றால் விளக்கு. சின்னப் போத்தல், துளையிட்ட தகர மூடி, ஒரு திரி, கொஞ்சம் மண்ணெண்ணெய். சிங்களத்திலும் 'குப்பி லாம்புவ' என்றே பெயர். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே சொல்லைச் சொல்லி ஏழை வீட்டுக்கு வெளிச்சம் ஏற்றினார்கள். இந்த வெளிச்சமும் சாதுவானதல்ல. விளக்கு சரிந்து எரிந்துபோனவர்களுக்குச் சிகிச்சை செய்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, குட்டையாக, கனமாக, உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாக, திருகுமூடியோடு 'சுதீப' என்ற விளக்கை உருவாக்கினார். 1998இல் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. 1990க்குப் பின் மின்சாரம் அறுந்து, பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் அரிதான யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, அதில் சிறிது எண்ணெய் ஊற்றி எரித்தார்கள். பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில்தான் பரீட்சைக்குப் படித்தார்கள்.

அதே காலத்தில், அதே மண்ணில், இந்தச் சொல் கழுத்துக்கு ஏறியது. 1974 ஜூன் 5இல் பொன். சிவகுமாரன் பொலிஸிடம் பிடிபடாமல் சயனைட் அருந்தி இறந்தார். பின்னர் விடுதலைப் புலிகள் அதைத் தனிமனிதர் முடிவாக விடாமல் இயக்க வழக்கமாக்கினார்கள். 1987 அக்டோபர் 5இல் பலாலியில் காவலில் இருந்த 17 பேரில் குமரப்பா, புலேந்திரன் உட்பட 12 பேர் சயனைட் அருந்தி இறந்தார்கள். தமிழகத்துப் பத்திரிகை வாசகனுக்கு இந்தச் சொல் பெரிதாக வந்து சேர்ந்தது 1991 மே 21க்குப் பின் நடந்த தேடுதல் வேட்டையின் செய்திகளில்தான். 'சயனைட் குப்பி' மெல்ல வெறும் 'குப்பி' ஆனது. 'குப்பி கடித்தார்' என்றால் போதும், விளங்கிவிடும்.

இலக்கணக்காரர்கள் இதை இடவாகுபெயர் என்று முடித்துவிடுவார்கள். 'ஊர் சிரித்தது' மாதிரி. ஆனால் ஊர் சிரித்தது என்னும்போது சிரித்த ஆட்கள் மறைந்துபோவதைக் கவனிக்க வேண்டும். இங்கேயும் நஞ்சு மறைகிறது, கூடவே அதைக் கழுத்தில் மாட்டிய கை மறைகிறது. சித்திரவதைக் கூடத்துக்கு அஞ்சிய உடலுக்கு அது கடைசிச் சுதந்திரம் என்று ஒரு கதையாடல். இயக்கத்தின் ரகசியத்தைக் காக்க உடலுக்குப் போட்ட பூட்டு என்று இன்னொரு கதையாடல். இரண்டும் பொய்யில்லை. சித்திரவதை நடந்தது, குப்பியும் வழங்கப்பட்டது. ஒற்றைச் சொல் செய்த காரியம், இரண்டில் ஒன்றை மட்டும் கேட்கவைத்ததுதான். அங்கே வீரம், இங்கே பயங்கரம். கட்டியிருந்த இளம்பெண்ணுக்கோ பையனுக்கோ அது என்னவாக இருந்தது என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் இடம் கொடுக்கவில்லை.

சொல் அங்கேயே உறைந்துபோகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் தங்களுக்குள் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பதற்குப் பெயர் 'குப்பி'. விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்ததிலிருந்து வந்த பெயர் என்பார்கள். விரிவுரையாளரின் அதிகாரத்துக்கு வெளியே நடக்கும் பாடம் அது. 2021இல் தமிழகச் செய்திகளில் ரெம்டெசிவிர் குப்பி, தடுப்பூசிக் குப்பி என்று மறுபடி மருந்தோடு வந்தது. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 பேருக்கான மருந்து.

மருந்து, விளக்கு, சாவு, பாடம். இதில் எது குப்பியின் 'உண்மையான' அர்த்தம் என்று தேடுவது வீண்வேலை. அகராதி எல்லாவற்றையும் எண் போட்டு அடுக்கிவிடும், நம் ஞாபகம் அப்படி அடுக்குவதில்லை. ஒரு அர்த்தம் மற்றவற்றை விழுங்கிவிடுகிறது. எழுதுகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். அடைமொழியை மறுபடி எழுத வேண்டும். என்ன குப்பி, யார் கொடுத்தது, யார் கையில் இருந்தது என்று.